பழையனூர் நீலியும் காணொளி விளையாட்டும்: கிளைக்கதை மரபு பற்றிய ஓர் ஆய்வு

ஒரு நூலின் மையக்கதையை அறிந்தவுடன் அந்நூலையே அறிந்துவிட்டதாகக் கருதுவது பொதுமக்கள் இயல்பு. மையக்கதைக்குப் புறத்தே ஓர் அடைமொழியாகவும் ஒரு சிறு குறிப்பாகவும் மறைந்து கிடக்கும் செய்திகளைத் தேடித் தொகுத்து, அந்நூல் காட்டும் உலகை முழுமையாக உணர முயல்வது புலவர் இயல்பு. நம் உரையாசிரியர்கள் இப்பணியைப் பல நூற்றாண்டுகள் செய்தனர். வீடியோ கேம் என மாணவர் வழங்கும் காணொளி விளையாட்டுகளை ஆடும் இளைஞர் பலரும் இன்று இதே பணியைச் செய்கின்றனர் என்று கூறின், அறிஞர் சிலர் வியப்புறலாம். சிலர் நகைக்கவும் கூடும். ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதால் தமிழாராய்ச்சிக்கு ஒரு பயன் உண்டு என்பது எம் கருத்து.

இக்கருத்து தோன்றிய சூழலை முதற்கண் கூறுதல் வேண்டும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் திருவள்ளூரைச் சூழ்ந்த ஆலைகளிலும் பணிபுரிவோரின் மக்கள் சிலர் எம்மிடம் முதுகலைத் தமிழ் பயில்கின்றனர். அவருள் ஒருவர், 'டார்க் சோல்ஸ்' என்னும் சப்பானிய விளையாட்டில் வரும் வாள், மோதிரம் முதலியவற்றுக்கு எழுதப்பட்டுள்ள குறிப்புகளைக் கொண்டே அவ்வுலகின் அரச மரபை வகுத்து, அரசனின் மூத்த மகன் பெயர் ஏடுகளிலிருந்து நீக்கப்பட்ட செய்தியை எமக்கு விளக்கினார். சான்றின்றி அவர் ஒன்றும் கூறினாரல்லர். அவர் பிறந்து வளர்ந்தது திருவாலங்காட்டை அடுத்த சிற்றூர். எனினும் அவ்வூர்ச் செப்பேட்டிலும் மூத்த அரசகுமரன் ஒருவனின் மறைவு பாடப்பட்டுள்ளது என்பதை அவர் அறிந்திலர். அதனை அவர்க்கு எடுத்துரையாது விட்ட குறை எம்முடையதேயாம்.

1. விளையாட்டில் புனைவரலாறு

விளையாடுவோர் 'லோர்' என்று வழங்குவதனை ஈண்டுப் புனைவரலாறு எனக் குறிப்போம். ஆடுவோன் செய்துமுடிக்க வேண்டிய செயல்களின் தொடர்ச்சி மையக்கதை. அச்செயல் நிகழும் உலகின் பழமை, சமயம், அரசமரபு, போர், வழக்காறு ஆகியன புனைவரலாறு. இதனை அறியாமலேயே விளையாட்டை முடித்துவிடலாம் என்பதே இதன் சிறப்பியல்பு. தேடுவார்க்கன்றி இது புலப்படாது.

இதன் வளர்ச்சியை மூன்று நிலைகளாகப் பகுக்கலாம். தொடக்கத்தில் கணினியின் நினைவகம் மிகச் சிறிது. ஆதலின் உலகின் வரலாற்றை விளையாட்டினுள் எழுத இடமின்றி, அச்சிட்ட நூலாகப் பெட்டியில் வைத்து விற்றனர். 1985-இல் வெளிவந்த 'அல்டிமா' நான்காம் பகுதியுடன் அந்நாட்டு வரலாறு கூறும் நூலும் துணியில் அச்சிட்ட நிலப்படமும் வழங்கப்பட்டன. இது முதல் நிலை.

நினைவகம் பெருகியபின் நூல்கள் விளையாட்டினுள்ளேயே புகுந்தன. 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் 1996-இல் வந்த 'டாகர்பால்' விளையாட்டில் எடுத்துப் படிக்கத்தக்க நூல்கள் பல வைக்கப்பட்டன. 2002-இல் வந்த 'மாரோவிண்ட்' இம்முறையை மேலும் நுட்பமாக்கியது. அதில் நெரெவார் என்னும் பழந்தலைவன் இறந்த வகையைக் கோயிலார் ஒருவாறு கூறுவர். வெளிநிலத்துக் குடிகள் வேறொருவாறு கூறுவர். போரிற் பட்ட புண்ணால் இறந்தான் என்பது முன்னையோர் கூற்று. உடனிருந்தோரே கொன்றனர் என்பது பின்னையோர் கூற்று. எது மெய் என்பதை விளையாட்டு முடித்துக் கூறுவதில்லை. சான்றுகளை எடைபோடும் பொறுப்பு ஆடுவோனிடமே விடப்படுகின்றது. இஃது இரண்டாம் நிலை.

மூன்றாம் நிலையில் நூல்களும் அருகின. 2011-இல் வெளிவந்த 'டார்க் சோல்ஸ்' விளையாட்டில், கையில் எடுக்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று தொடர்களில் ஒரு குறிப்பு உண்டு. உலகின் வரலாற்றிற் பெரும்பகுதி இத்தகைய குறிப்புகளிலே சிதறிக் கிடக்கின்றது. இதனை இயக்கிய மியாசாகி இடெடாக்கா, இளமையில் ஆங்கிலக் கதைநூல்களை முற்றும் விளங்காத நிலையிற் படித்து, விளங்காத இடங்களைத் தம் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகக் கூறியுள்ளார். அவ்வனுபவமே அவர் கையாளும் முறைக்கு வித்தாயிற்று. பெயர் நீக்கப்பட்ட மூத்த மகனைப் பற்றி 2011-இல் சில தொடர்களே இருந்தன. 2016-இல் வந்த மூன்றாம் பகுதியில் பெயரற்ற மன்னன் ஒருவன் தோன்றுகிறான். இவனே அவன் என்பதைப் பொருட்குறிப்புகளைப் பொருத்திக் காண்போரே உணர்வர்.

தமிழர் படைப்பும் இவ்வகையில் இல்லாமல் இல்லை. கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் 'விசை கேம்ஸ்' நிறுவனம் 2023-இல் 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அது 2024-இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகமாகிய பாப்டாவின் அறிமுகப் படைப்புக்கான பரிசைப் பெற்றது. கனடாவிற் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தாய் தந்த சமையற் குறிப்பேடு சிதைந்துள்ளது. அழிந்த இடங்களை உய்த்துணர்ந்து இட்லி முதலியவற்றைச் செய்தல் வேண்டும். குடும்பத்தலைவியின் பெயர் வெண்பா. கணவன் பெயர் பாவலன். யாப்பறிந்தார்க்கு இப்பெயர்களே ஒரு குறிப்பாகும். ஏட்டின் சிதைவை நிரப்பிப் பொருள் காணும் இத்தொழில் சுவடிப் பதிப்பாசிரியர் அறியாத ஒன்றன்று.

2. கொடைச் சாசனத்துட் கிடந்த கதை

ஒரு பொருளின்மேல் எழுதப்பட்ட குறிப்பு ஓர் உலகின் வரலாற்றைத் தாங்கி நிற்றல் புனைவில் மட்டும் நிகழ்வதன்று. அதற்குத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே சிறந்த சான்று உளது. 1905-இல் கண்டறியப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 இதழ்கள் கொண்டவை. முதலாம் இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்ததைப் பதிவு செய்தலே அவற்றின் நோக்கம். இதுவே மையக்கதை. ஆயின் கொடையினும் மிகுதியாக அறிஞரை ஈர்த்தது, அதன் வடமொழிப் பகுதியில் அமைந்த சோழர் குலவரலாறு. ஆதித்தன் விண்ணுலகு சென்றபின் மக்கள் வேண்டியும் அருண்மொழி அரசை விரும்பாது, சிறிய தந்தை முறையினனாகிய உத்தமன் ஆள இசைந்தான் என்னும் செய்தி அதிலேயே உளது.

ஆதித்தன் எவ்வாறு இறந்தான் என்பதைச் செப்பேடு விளக்கவில்லை. அவன் கொல்லப்பட்டான் என்பதை, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டால் அறிகின்றோம். அக்கல்வெட்டும் கொலையைக் கூற எழுந்ததன்று. கொன்றாருடைய நிலம் பற்றிய நடவடிக்கையைக் கூற எழுந்தது. நிலம் பற்றிய இவ்விரு சாசனங்களையும் இணைத்துப் பார்த்தபோதுதான் ஓர் அரசகுமரனின் வரலாறு வெளிப்பட்டது. இச்செய்திகளை அடிப்படையாகக் கொண்டே கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை எழுதினார். கிளையாய்க் கிடந்தது மையக்கதையாயிற்று.

இன்னுமொன்று. செப்பேட்டின் கொடை ஆறாம் ஆண்டுக்குரியதாயினும், வடமொழிப் பகுதி அவ்வாண்டிற்குப் பிற்பட்ட கடார வெற்றியையும் பாடுகின்றது. ஆதலின் அப்பகுதி பின்னர்ச் சேர்க்கப்பட்டதாகும் என்று அறிஞர் துணிந்தனர். ஓரே பொருளின்மேல் இரு காலத்து எழுத்து அமையக்கூடும் என்னும் எச்சரிக்கை இதனாற் பெறப்படும்.

3. குறிப்பிலிருந்து காப்பியம்

கொடையாக அளிக்கப்பட்ட அதே பழையனூர், நீலி கதைக்கும் நிலைக்களமாகும். திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தின் முதற்பாட்டில், முன்னை நட்புக் காட்டி வஞ்சித்து ஓர் உயிரைக் கொண்ட ஒருத்தியைக் குறிக்கின்றார். பெயர் கூறினாரல்லர், கதை விரித்தாருமல்லர். ஏழாம் நூற்றாண்டில் கேட்டோர்க்கு அக்கதை தெரிந்திருந்தமையால் விரிக்க வேண்டியது இல்லாயிற்று. பிற்காலத்தில் அது விரிந்தது. வணிகனால் கொலையுண்ட பெண் பேயாகி மறுபிறப்பில் அவனைத் தொடர்ந்து வந்து பழி கொண்டதும், அவனுக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபதின்மர் தாம் கொடுத்த வாக்கின்பொருட்டுத் தீப்புகுந்ததும் வழிவழியாக வழங்கின. அந்நிகழ்ச்சியின் நினைவிடம் பழையனூரில் இன்றும் காட்டப்படுகின்றது.

இந்நீலியே சமணக் காப்பியமாகிய நீலகேசியில் தலைவியாகின்றாள். அங்கே அவள் பழிவாங்கும் பேயல்லள். முனிவரின் அறவுரையால் மனந்திருந்திப் பிற சமயத்தாரோடு வாதம் புரிபவள். ஓரூர்க் கதையின் கொடும்பாத்திரம் வேறொரு சமயத்தாரின் தத்துவநூலுக்குத் தலைவியாதல் இலக்கிய வரலாற்றில் எண்ணத்தக்க ஒன்று. நெரெவார் இறந்த வகையைக் கோயிலாரும் குடிகளும் வெவ்வேறாகக் கூறுவது போன்றதே நீலியைச் சைவரும் சமணரும் வெவ்வேறாகக் காட்டியது. வேற்றுமை இதுவே: முன்னதில் முரணை ஆசிரியர் திட்டமிட்டு அமைத்தனர், பின்னதில் வரலாறே அமைத்தது.

4. இருவகைத் தேட்டத்தின் வேற்றுமை

இவ்வேற்றுமையை வற்புறுத்தாவிடின் எம் ஒப்புமை தீங்காய் முடியும். விளையாட்டின் உலகுக்கு ஆக்கியோன் உண்டு. அவன் நினைத்தால் மறுபதிப்பில் ஒரு குறிப்பை மாற்றலாம்; ஐயத்தைத் தீர்க்கலாம். சோழர் வரலாற்றுக்கு அத்தகைய ஆக்கியோன் இல்லை. சான்று இல்லாத இடத்தில் வாய்வாளாமையே ஆராய்ச்சியாளன் கடமை.

இக்கடமை மறக்கப்படுகின்றது என்பதற்கு நந்தினியே சான்று. அவள் கல்கியின் படைப்பு. செப்பேட்டிலோ கல்வெட்டிலோ அவள் இல்லை. ஆயினும் ஆதித்தன் மறைவைக் கேட்போர் பலர் அவளை வரலாற்றுப் பெண்ணாகவே கருதிப் பேசுகின்றனர். முதுகலை மாணவரிடையும் இம்மயக்கத்தைக் கண்டுள்ளோம். நாவல் மிக நன்றாக எழுதப்பட்டமையே இதற்குக் காரணம், நாவலாசிரியர்பால் குற்றமில்லை. செப்பேடு, கல்வெட்டு, பதிகம், காப்பியம், வாய்மொழிக் கதை, நாவல் ஆகியவற்றைத் தரம் பிரித்து வைத்துக் கற்பியாதது ஆசிரியராகிய நம் குற்றம்.

வியப்பென்னவெனில், விளையாட்டு ஆடுவோர் இத்தரப்பிரிவை நன்கு அறிவர். விளையாட்டினுள் எழுதப்பட்டது எது, ஆசிரியர் நேர்காணலிற் கூறியது எது, ஆடுவோர் ஊகித்தது எது என்று அவர்கள் பிரித்தே வழக்காடுவர். எம் மாணவரும் மூத்த மகனைப் பற்றிக் கூறுகையில், 'இது குறிப்பில் உள்ளது. இஃது என் ஊகம்' என்று ஒவ்வோரிடத்தும் வரையறுத்துக் கூறினார். அவ்வொழுக்கத்தை உடையார்குடிக் கல்வெட்டின்பால் திருப்புதல் அரிதன்று.

5. அழிவும் காப்பும்

ஈண்டு அஞ்சத்தக்கது ஒன்று உளது. அமெரிக்காவின் காணொளி விளையாட்டு வரலாற்று நிறுவனத்தார் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, 2010-க்கு முன்னர் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை என்று கூறுகின்றது. அரை நூற்றாண்டைச் சற்றே கடந்த கலைக்கு இக்கதி நேர்ந்துள்ளது. விளையாட்டு மறைந்தபின், அதன் குறிப்புகளைப் படியெடுத்து விளக்கம் எழுதிய ஆர்வலரின் எழுத்தே எஞ்சுவதும் உண்டு.

தமிழர்க்கு இது புதிதன்று. நீலகேசி எந்நூலை மறுக்க எழுந்ததோ அக்குண்டலகேசி மறைந்துபோயிற்று. புறத்திரட்டு முதலிய தொகைகளாலும், நீலகேசிக்குச் சமயதிவாகர வாமன முனிவர் வகுத்த உரையாலுமே அதனைப் பற்றிச் சிறிது அறிகின்றோம். மறுக்கப் புகுந்தவர் மரபே மறுக்கப்பட்ட நூலின் நினைவைக் காத்தது. மூலம் அழியினும் உரை காக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: கிளைக்கதையைத் தேடும் வேட்கை இளைஞரிடம் குன்றிற்றில்லை, அது தங்கும் இடமே மாறிற்று. அவ்வேட்கை ஏளனத்திற்குரியதன்று; பயிற்றி நெறிப்படுத்தற்குரியது. அதற்கு வேண்டிய பொருள் பழையனூர் போலும் ஊர்களில் நிரம்ப உளது. ஒரு கொடைச் சாசனம், ஒரு பதிகக் குறிப்பு, ஒரு சமணக் காப்பியம், ஓர் ஊர்க்கதை ஆகிய நான்கும் ஓரூரைச் சுற்றியே அமைந்துள்ளன. இந்நான்கையும் ஒருங்கு வைத்துக் கற்பிக்கும் பாடம் ஒன்று முதுகலை வகுப்பில் இடம்பெறுதல் நலம்.

எம் மாணவர் இப்போது செப்பேட்டின் அச்சுப் படியைப் பயின்று வருகின்றார். ஆதித்தன் பற்றிய பகுதியைக் கண்டபின் அவர் எம்மிடம் முதலிற் கேட்ட வினா, 'இவன் மறைவைச் செப்பேடு ஏன் இத்துணைச் சுருக்கமாகக் கூறுகின்றது?' என்பது. ஆராய்ச்சியாளர்க்கு உரிய வினா அதுவேயாகும்.