பிறவி இதயக் குறைபாடுகளுக்கான கதீட்டர் சிகிச்சை

குழந்தையின் மார்பைத் திறக்காமல், தொடை இடுக்கில் உள்ள இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி இதயத்தின் பிறவிக் குறையைச் சரிசெய்யும் முறை. ஓட்டையை அடைப்பதும், குறுகிய வால்வைப் பலூனால் விரிப்பதும் இதில் அடங்கும். ராணிப்பேட்டை மாவட்டம் சோளிங்கர் வட்டாரத்தில் பிள்ளைக்கு ‘இதயத்தில் ஓட்டை’ என்று சொல்லப்பட்டால் பெற்றோர் முதலில் நினைப்பது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனையை.

வரலாறு: 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், மேலதிகாரி தடுத்தும் கேளாமல், தன் கைச் சிரை வழியே கதீட்டரை இதயம் வரை செலுத்தினார். உதவிக்கு வந்த செவிலியரை, சோதனை அவர்மீதுதான் என்று நம்பவைத்து, அவரை மேசையோடு கட்டிவிட்டுத் தன் கையைக் கீறிக்கொண்டார். பிறகு நடந்தே போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். அப்போது கிடைத்தது ஏச்சு; 1956-இல் நோபல் பரிசில் ஒரு பங்கு.

நெடுங்காலம் கதீட்டர் நோயறியும் கருவியாகவே இருந்தது. மெக்சிகோவில் 1950-களில் நுரையீரல் வால்வைக் கதீட்டரால் திறந்த முயற்சி பரவவில்லை. ஆகவே குழந்தைகளுக்கான சிகிச்சையின் தொடக்கம் 1966 எனக் கொள்வதே தகும். அவ்வாண்டு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வில்லியம் ராஷ்கிண்ட், பெருந்தமனிகள் இடம்மாறிப் பிறந்து நீலம் பாரித்த சிசுக்களின் இதய மேலறைகளின் இடைச்சுவரைப் பலூனால் வெடுக்கென இழுத்துக் கிழித்து, இரத்தம் கலக்க வழி செய்தார். 1982-இல் ஜீன் கான் நுரையீரல் வால்வைப் பலூனால் விரித்தார்.

வேலூர் சி.எம்.சி.யில் இதயச் சிகிச்சையின் கதை அறுவை அரங்கில் தொடங்குகிறது. மார்பு அறுவை மருத்துவர் ரீவ் பெட்ஸ் அங்கே மார்பு அறுவைத் துறையை நிறுவினார். இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை 1961-இல் இங்கு நடந்ததாகக் கல்லூரி வரலாறு பதிகிறது, செய்தவர் என். கோபிநாத்.

செய்முறை: மேலறைகளுக்கு இடையிலான ஓட்டைக்கு வைக்கும் ‘டிவைஸ்’, நிக்கல்-டைட்டானியம் கம்பியில் பின்னிய இரட்டை வட்டு. குழாய்க்குள் நீட்டி நுழைத்தாலும் வெளிவந்ததும் பழைய வடிவம் கொள்ளும். இடப்புற வட்டை விரித்து, சுவரோடு ஒட்டும்படி இழுத்து, பிறகு வலப்புற வட்டை விரிப்பார்கள். எக்கோவில் (மீயொலிப் படத்தில்) பார்த்து, இழுத்தும் தள்ளியும் சோதித்த பின்னரே, டிவைஸைச் செலுத்துகம்பியோடு பிணைக்கும் திருகைக் கழற்றுவார்கள். அதுவரை திரும்ப எடுத்துவிடலாம். சில மாதங்களில் அதன்மேல் திசு படரும். ஓட்டையைச் சுற்றி வட்டு பற்ற விளிம்பு இல்லாவிட்டால் அறுவைதான் வழி.

இன்றைய நிலை: 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டக் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகளை இக்குறைகளுக்காகவும் பரிசோதிக்கின்றன. தமிழக முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இச்சிகிச்சைக்கு இடமுண்டு.