கிழங்கானுக்கு ஓர் அரபுப் பெயர்

கிழங்கான் மீனை அறியாத கடற்கரையூர் தமிழ்நாட்டில் இராது. மெலிந்த உடலும் வெண்ணிறச் சதையும் கொண்டது; வலை வருகிறதென்றால் மணலுக்குள் புதைந்து தப்பிக்கவும் தெரிந்தது. மீனியலார் இதனைச் சில்லாகோ சிஹாமா என்பர். அந்தச் சிஹாமா அரபுச் சொல். முள்ளுவாளையின் அறிவியற் பெயரிலுள்ள டோராபும் அவ்வாறே. கழிமுகங்களில் மண்டும் உமரிக்குச் சுயேதா என்றும், புதர்க்காட்டு விழுதிக்குக் கடாபா என்றும், பூமிச்சர்க்கரைக்கு மேருவா என்றும் பேரினப் பெயர்கள் வழங்குகின்றன. இவை மூன்றும் அரபு வழக்கிலிருந்து எடுத்தவை. நம் கரையில் வளரும், நீந்தும் உயிர்களுக்கு அரபுப் பெயரைச் சூட்டியவர் பீட்டர் ஃபோர்ஸ்கோல். அரசாங்கச் செலவில் யேமனுக்கு ஆய்வு செய்யப் போய், 31 வயதில் அங்கேயே இறந்துபோனவர்.

வெளிநாட்டு ஆய்வு உதவித்தொகை பற்றி இம்மலருக்கு எழுதவேண்டும் என்று கேட்டதும் எனக்கு அவர் நினைவுதான் வந்தது. பணம் கொடுத்தவர் கேட்ட கேள்வி ஒன்று, போனவர் கொண்டுவந்த விடை வேறொன்று என்பதற்கு அவருடைய கதையைக் காட்டிலும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கதை 1756இல் தொடங்குகிறது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் யோகான் டேவிட் மிக்காயேலிஸ் என்ற எபிரேய மொழிப் பேராசிரியர் இருந்தார். விவிலியத்தில் வரும் செடிகொடிகள், விலங்குகள், பழக்கவழக்கங்கள் ஆகியவற்றுக்குப் பொருள் தெரியாமல் உரையாசிரியர்கள் தடுமாறுகிறார்கள்; அரேபியாவின் தென்கோடியில், வெளியார் கலப்பு குறைந்த யேமனில் பழைய மொழியும் பழைய வாழ்வும் எஞ்சியிருக்கும்; அங்கே ஓர் அறிஞரை அனுப்பினால் விடை கிடைக்கும் என்பது அவர் எண்ணம். டென்மார்க்கின் அமைச்சர் பெர்ன்ஸ்டோர்ஃபுக்கு எழுதினார். டென்மார்க்கை அவர் நாடியதற்கு நம் ஊரும் ஒரு காரணம். 1620 முதல் தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்தது. சீகன்பால்கு வந்திறங்கிய 1706 முதல் அங்கே அவர்களுடைய மிஷனும் நடந்துவந்தது. ஆளைத் தரங்கம்பாடிக்கு அனுப்பி, அங்கிருந்து அரேபியாவுக்குக் கடல் கடக்கச் செய்வதே முதல் திட்டம். பின்னர் வழி மாறிற்று. ஒற்றை ஆள் ஆறு பேராக வளர்ந்து, பயணம் கான்ஸ்டான்டிநோப்பிள், எகிப்து, செங்கடல் என்று திரும்பியது. திட்டம் மாறாதிருந்தால் தரங்கம்பாடிக் கடற்கரையில் ஃபோர்ஸ்கோல் கிழங்கானைப் பிடித்துத் தமிழ்ப் பெயரையே எழுதிவைத்திருக்கக்கூடும். இப்படி எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. ஆனாலும் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஆட்களைத் திரட்டிய விதமும் சுவையானது. நிலப்படம் வரைய ஒருவர் வேண்டும். கணிதப் பேராசிரியர் கேஸ்ட்னர், ஹாடெல்ன் பகுதியிலிருந்து படிக்க வந்திருந்த கார்ஸ்டென் நீபூர் என்ற உழவர் வீட்டுப் பிள்ளையிடம், அரேபியாவுக்குப் போக விருப்பமா என்று கேட்டாராம். செலவை யாராவது ஏற்றுக்கொண்டால் போவதற்கென்ன என்றாராம் இளைஞர். அவருடைய மகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது வருகிறது. உதவித்தொகை விண்ணப்பங்கள் பலவற்றைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவ்வளவு நேர்மையான நோக்க அறிக்கையை நான் கண்டதில்லை. அரசர் ஐந்தாம் ஃபிரடெரிக் செலவை ஏற்றார். நிலவின் இடத்தை அளந்து தீர்க்கரேகை காணும் முறையை டோபியாஸ் மாயரிடம் நீபூர் கற்றுக்கொண்டார்.

மற்றவர்கள்: டேனிய மொழியறிஞர் ஃபான் ஹாவென், மருத்துவர் கிராமர், ஓவியர் பௌரென்ஃபைண்ட், பணியாள் பெர்க்கிரென். இவர்களோடு, தாவரவியலார் லின்னேயஸின் மாணவர் ஃபோர்ஸ்கோல். 1759இல் குடியுரிமைச் சுதந்திரம் பற்றி இவர் வெளியிட்ட சிறு நூலை ஸ்வீடன் அரசு பறிமுதல் செய்தது. பிரதிகளைத் திரும்பப் பெறும் வேலை, அப்போது உப்சாலா பல்கலைக்கழகத் தலைவராக இருந்த அவருடைய ஆசிரியர் லின்னேயஸ் தலையிலேயே விழுந்தது. முள்ளும் கொக்கியுமாக ஒட்டிக்கொள்ளும் ஒரு செடிக்குப் பின்னாளில் லின்னேயஸ் ஃபோர்ஸ்கோலியா டெனாசிஸிமா என்று பெயரிட்டார். பிடிவாதக்கார மாணவனுக்கு ஆசிரியர் அளித்த பட்டம் என்று அதைக் கொள்ளலாம்.

அரசர் கொடுத்த ஆணைப்பத்திரம் படிக்கத்தக்கது. குழுவுக்குத் தலைவர் கிடையாது, அறிஞர் எல்லாரும் சமம் என்றது. அந்நாட்டாரிடம் மிகுந்த மரியாதையோடு பழகவேண்டும், அவர்களுடைய மதத்தை மறுத்துப் பேசக்கூடாது, இகழ்ச்சி தோன்ற நடக்கக்கூடாது என்றும் அறிவுறுத்தியது. இரண்டாவது நிபந்தனையை அவர்கள் பெரும்பாலும் காப்பாற்றினார்கள். முதலாவதுதான் சந்தி சிரித்தது. கான்ஸ்டான்டிநோப்பிளில் ஃபான் ஹாவென் பாஷாணம் வாங்கியது தெரிந்ததும் மற்றவர்கள் அஞ்சி டேனியத் தூதருக்கு முறையிட்டார்கள். ஆறு பேரைத் தலைவனின்றி அனுப்பிய புண்ணியவான் யாரோ!

குழு 1761 செப்டம்பரில் அலெக்சாந்திரியாவை அடைந்து, ஏறத்தாழ ஓராண்டு எகிப்தில் தங்கிற்று. இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். வெளியூர் மாணவனுக்குப் பொருளுதவி செய்து கல்வி கற்பிப்பது ஐரோப்பியர் அரபு நாட்டுக்குக் கொண்டுவந்த வழக்கமன்று. கெய்ரோவின் அல்அஸ்ஹரில் ரிவாக் எனப்படும் மாணவர் தங்குமிடங்கள் இருந்தன. மக்ரிபியருக்கு, துருக்கியருக்கு, சிரியருக்கு, ஆப்பிரிக்காவின் கொம்பிலிருந்து வந்த ஜபர்த்தியருக்கு எனத் தனித்தனியே. வக்ஃபு வருமானத்திலிருந்து மாணவருக்கு ரொட்டிப் படி அளந்தார்கள். அந்த ஜபர்த்தி மரபில் வந்த ஹஸன் அல்ஜபர்த்தி கணிதத்திலும் வானியலிலும் பெயர்பெற்றவர். ஹிஜ்ரி 1159இல், அதாவது 1746 அளவில், ஐரோப்பிய மாணவர் சிலர் அவரிடம் வந்து வடிவியல் பயின்றார்கள், தங்கள் நாட்டுக் கருவிகளை அன்பளிப்பாகத் தந்தார்கள் என்று அவருடைய மகன், வரலாற்றாசிரியர் அப்துர் ரஹ்மான் அல்ஜபர்த்தி குறித்துவைத்திருக்கிறார். டேனியக் குழு கெய்ரோவில் அலைந்த நாட்களில் அந்த ஆசிரியர் உயிரோடு இருந்தார். பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற சொல்லை நாம் தாராளமாகச் செலவழிக்கிறோம். பாடம் சொல்லி, கருவி பெற்ற அந்த வீட்டுத் திண்ணையில்தான் அச்சொல்லுக்கு முழுப்பொருள் இருந்தது என்பேன்.

எகிப்தில் ஃபோர்ஸ்கோல் செய்த நல்ல காரியம், தெருவில் அரபு கற்றது. ஃபான் ஹாவென் ரோமாபுரியில் மரோனியக் கிறித்தவரிடம் முறையாகப் படித்தவர். பேச்சில் ஃபோர்ஸ்கோல் அவரை மிஞ்சினார். செந்தமிழுக்கும் பேச்சுத்தமிழுக்கும் இடையில் வாழும் நமக்கு இது வியப்பன்று. அரபு மொழியில் அந்த இடைவெளி இன்னும் அகலம். ஃபுஸ்ஹா என்னும் இலக்கண அரபை மட்டும் படித்துவிட்டு மொராக்கோவில் இறங்கும் மாணவர் அங்குள்ள தாரிஜா வழக்கைக் கேட்டுத் திகைத்து நிற்கிறார். செய்தித்தாளை வாசித்துவிடுவார், காய்கறிக்காரர் விலை சொன்னால் விளங்காது.

1762 கடைசியில் யேமனின் லுஹய்யாவில் இறங்கினார்கள். அவ்வூர் அமீர் ஃபர்ஹான் அன்போடு வரவேற்றார். ஃபோர்ஸ்கோல் நுண்ணோக்கியில் பேன் ஒன்றைக் காட்ட, இத்தனை பெரிய பேனை இந்நாட்டில் கண்டதேயில்லை, இது ஐரோப்பியப் பேனாகத்தான் இருக்கும் என்று பணியாள் ஒருவர் சொல்லிவிட்டார். வானியல் தொலைநோக்கியில் ஒரு பெண் தலைகீழாக நடப்பதைப் பார்த்தவர்கள், ஆடை மட்டும் கீழே சரியாமல் இருக்கிறதே என்று அதிசயித்தார்கள். நீபூர் இவற்றை ஏளனமின்றி எழுதுகிறார். அக்காலப் பயண நூல்களில் இந்தத் தொனி அரிது.

பைத் அல்ஃபக்கீ என்ற காப்பிச் சந்தை ஊரைத் தங்குமிடமாகக் கொண்டு, உள்ளூர் உடையில், கழுதைமேல் சுற்றினார்கள். நீபூர் வழிநெடுகத் திசையும் தொலைவும் குறித்தார். ஃபோர்ஸ்கோல் மலையேறிச் செடி சேர்த்தார். ஒவ்வொன்றையும் காட்டி இதற்கு இங்கே என்ன பெயர் என்று கேட்டு எழுதினார். யேமனியர் மெல்லும் காத் இலைக்கு அறிவியலில் இன்றும் காத்தா என்றே பெயர். பட்டைகள் கொண்ட மீன்களின் ஒரு பேரினத்துக்கு அபூதெஃப்தஃப் என்று பெயரிட்டதில் அரபுத் தந்தையான அபூவே முன்னால் நிற்கிறார். இலத்தீனில் பெயர் கட்டுவது அக்கால வழக்கம். அதைத் தாண்டி உள்ளூர் வாய்ச்சொல்லை அவர் நூலேற்றினார்.

மோக்கா துறைமுகத்தில் வந்தது வினை. சுங்க அதிகாரிகள் சாராயத்தில் ஊறவைத்த மீன்களையும் பாம்புகளையும் திறந்தார்கள். வீச்சம் குமட்டியது. வந்தவர்கள் விஷம் வைக்க வந்தவர்களோ என்று சந்தேகம். சேகரித்த பொருள்களைச் சன்னல் வழியே வீசினார்கள். அதிகாரிகளைக் குறைகூற எனக்கு மனமில்லை. முன்பின் தெரியாத ஒருவர் நம் வீட்டு வாசலில் சீசாவில் பாம்புடன் நின்றால் நாமும் அதைத்தான் செய்வோம்.

பிறகு காய்ச்சல், இன்று மலேரியா என்று அறியப்படுவது. 1763 மே 25இல் மோக்காவில் ஃபான் ஹாவென் இறந்தார். ஸனாவுக்குப் போகும் வழியில் யரீம் ஊரில் ஜூலை 11இல் ஃபோர்ஸ்கோல். அவரைப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். அவ்வூரில் அது வழக்கமில்லை, புதையல் இருக்கும் என்று நினைத்துச் சிலர் பின்னர் தோண்டிவிட்டார்கள். பம்பாய்க்கு வரும் கப்பலில் ஆகஸ்டு இறுதியில் ஓவியரும் பணியாளும் அடுத்தடுத்து மாண்டார்கள். 1764 பிப்ரவரியில் பம்பாயில் மருத்துவரும் போனார். நீபூர் ஒருவரே மிச்சம். நாட்டார் உண்பதை உண்டு அவர்கள் வாழ்வதுபோல் வாழ்ந்திருந்தால் இவ்வளவு சேதம் வந்திராது என்று பின்னாளில் எழுதினார். பம்பாயிலிருந்து மஸ்கட், பெர்சிபோலிஸ், பஸ்ரா, பாக்தாத், அலெப்போ வழியாக 1767 நவம்பரில் கோபன்ஹேகன் சேர்ந்தார். பெர்சிபோலிஸில் அவர் படியெடுத்த ஆப்பெழுத்துகளே 1802இல் குரோட்டெஃபெண்டு அவ்வெழுத்தை வாசிக்கத் தொடங்குவதற்கு வழிகாட்டின.

மிக்காயேலிஸின் கேள்விகளோ? நூறு கேள்விகள் கொண்ட நூலாக 1762இல் அச்சேறின. அதற்குள் குழு கிளம்பி ஓராண்டு கடந்துவிட்டது. சினாய் மலையின் கல்வெட்டுகளைப் படியெடுப்பது முக்கிய வேலைகளுள் ஒன்று. வழிகாட்டிகள் அழைத்துச் சென்ற இடத்தில் இருந்தவை எகிப்தியச் சித்திர எழுத்துகள். முறையான கடிதம் இல்லாததால் புனித கேத்தரின் மடம் கதவைத் திறக்கவில்லை. விவிலியப் புதிர்களில் சிலவற்றுக்கே விடை கிடைத்தது. கேட்காத கேள்விகளுக்கு விடை கொட்டிற்று: யேமன் நிலப்படம், செங்கடல் மீன்கள், ஆப்பெழுத்து.

இன்றைய விண்ணப்பப் படிவங்களில் ஆய்வின் முடிவு என்னவாக இருக்கும் என்று போவதற்கு முன்பே எழுதக் கேட்கிறார்கள். மிக்காயேலிஸ் இன்னும் நம் தேர்வுக்குழுக்களில் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இருபதாம் நூற்றாண்டில் நிதியின் ஊற்று மாறியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வெளிநாடுகளில் தேங்கிக்கிடந்த அமெரிக்கத் தளவாடங்களை விற்ற பணத்தைக் கொண்டு மாணவர்களைப் பரிமாறலாம் என்று செனட்டர் ஃபுல்பிரைட் 1946இல் சட்டம் கொண்டுவந்தார். எகிப்தில் அதற்கான ஆணையம் 1949இலேயே ஏற்பட்டது. எதிர்த்திசையிலும் பணம் பாய்ந்தது. மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகம் 1961 முதல் அயல்நாட்டு மாணவர்களைத் தன் செலவில் படிக்கவைக்கிறது.

ஆய்வை எழுதும் முறையும் மாறிற்று. மானுடவியல் மாணவர் பால் ராபினோ மொராக்கோவின் ஸெஃப்ரூவில் 1968-69இல் கள ஆய்வு செய்தார். 1977இல் அவர் எழுதிய சிறு நூலில், தகவல் சொன்னவர்களே மையப் பாத்திரங்கள். யார் எதற்காகத் தன்னிடம் பேசினார், யார் தன்னைப் பயன்படுத்திக்கொண்டார், எங்கே தான் எல்லை மீறினார் என்பதெல்லாம் வெளிப்படையாக வருகிறது. ஃபோர்ஸ்கோலுக்கு இருநூறாண்டு கழித்துத்தான் ஆய்வு எழுத்துக்கு இந்தக் கூச்சம் வந்தது.

அரசுகளின் சந்தேகம் மட்டும் மோக்காச் சுங்கத்தோடு தீரவில்லை. கேம்பிரிட்ஜ் ஆய்வு மாணவர் ஜூலியோ ரெஜேனி கெய்ரோவில் தெருவோர வியாபாரிகளின் தொழிற்சங்கத்தை ஆராய்ந்துவந்தார். 2016 ஜனவரி 25இல் காணாமற்போனார். பிப்ரவரி 3இல் சித்திரவதைக் காயங்களோடு உடல் கிடைத்தது. சீசாவில் பாம்பு வைத்திருந்தவர்களின் பொருள்களை வீசியதோடு நிறுத்திக்கொண்ட பழைய அதிகாரிகளை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. இப்போது மேலைப் பல்கலைக்கழகங்கள் பல, மாணவர்களைக் கெய்ரோவுக்குப் பதிலாக அம்மானுக்கோ ரபாத்துக்கோ அனுப்புகின்றன. யேமனுக்குப் போர் காரணமாக வழியில்லை. ஃபோர்ஸ்கோல் ஏறிய மலைகளில் அவருக்குப் பின் ஒருவர் நின்று அதே செடியைக் காட்டிப் பெயர் கேட்பது இப்போதைக்கு நடவாது.

அவருடைய கையெழுத்துப்படிகளை நீபூர் 1775இலும் 1776இலும் பதிப்பித்தார். சீசாக்கள் போனாலும் தாள்கள் பிழைத்தன. மீனை நீளவாக்கில் பிளந்து, ஒருபாதித் தோலை உலர்த்தி, செடியை ஒட்டுவதுபோல் தாளில் ஒட்டும் முறையை அவர் கையாண்டிருந்தார். அப்படிப்பட்ட 99 மீன்கள் கோபன்ஹேகனில் ஓர் அருங்காட்சியகத் தொகுப்பில் உள்ளன. செங்கடற்கரையில் ஏதோ ஒரு காலை, கூடையிலிருந்த மீனைக் காட்டி அந்த வடநாட்டு இளைஞர் பெயர் கேட்டிருப்பார். சிஹாமா என்று மீனவர் சொல்லியிருப்பார். மீனின் பெயர் நாகப்பட்டினம் வரை வந்துவிட்டது. சொன்னவரின் பெயர் வரவில்லை.