எந்தப் பாதி மருந்து?

மலத்தோடு ரத்தம் வந்தால் நம்மில் பலர் முதலில் செய்வது, யாரிடமும் சொல்லாமல் இருப்பது. மீறிச் சொன்னால், "சூடுதான், மோர் குடி, சரியாயிடும்" என்பார்கள் வீட்டில். இல்லையென்றால் மூலம் என்று நாமே முடிவு கட்டிவிடுவோம். மலக்குடலின் உட்சுவர் சிவந்து புண்ணாகி, ரத்தமும் சளியும் கசிகிற அழற்சியாகவும் அது இருக்கலாம். அவசரமாகப் போகவேண்டும் போலிருக்கும், போய் உட்கார்ந்தால் ஒன்றும் வராது. இந்த அழற்சிக்கு இன்று தரப்படும் முக்கியமான மருந்தின் கதை ஒரு தப்பான ஊகத்தில் தொடங்குகிறது.

ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ். 1937இல் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேராசிரியர் ஆனவர். அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். முடக்குவாதம் கிருமியால் வருகிறது என்று அந்தக் காலத்தில் பலரும் நம்பினார்கள், அவரும்தான். கிருமிக்கு ஒரு சல்ஃபா மருந்து, வீக்கத்துக்கு ஆஸ்பிரினின் உறவுக்காரரான சாலிசிலேட். இரண்டையும் வேதிப்பிணைப்பால் ஒன்றாக்கினால் என்ன? ஃபார்மாசியா நிறுவனத்தின் துணையோடு சல்ஃபசலசின் பிறந்தது. மூட்டுக்காகச் செய்த அந்த மருந்து, பெருங்குடல் புண் அழற்சி நோயாளிகள் பலருக்குக் குணம் தந்தது. 1942இல் அவர் அதைப் பற்றி எழுதினார்.

மருந்து வேலை செய்தது. ஆனால் தலைவலி, குமட்டல், தோல் தடிப்பு என்று சிலரைப் படுத்தியும் எடுத்தது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை இரண்டாக உடைக்கின்றன என்பது பிறகு தெரியவந்தது. அப்படியானால் எந்தப் பாதி மருந்து, எந்தப் பாதி வெறும் சுமை?

வாய்வழி கொடுத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சாலிசிலேட் பாதியைத் தனியே விழுங்கினால், அதில் பெரும்பங்கைச் சிறுகுடலே உறிஞ்சிவிடும். ஆக்ஸ்ஃபோர்டில் ஆசாத் கான், பிரிஸ், ட்ரூலவ் மூவரும் நேராக நோய் இருக்கும் இடத்துக்கே போனார்கள். முழு மருந்தையும், இரண்டு பாதிகளையும் தனித்தனியாக எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1977இல் விடை வெளியானது. சாலிசிலேட் பாதிதான் மருந்து. ஸ்வார்ட்ஸ் கிருமிக்காகச் சேர்த்த சல்ஃபா, அதைப் பெருங்குடல்வரை சுமந்துபோன வண்டி. தொந்தரவுகளில் பெரும்பாலானவையும் அந்த வண்டியால் வந்தவைதான்.

அந்தப் பாதிக்குப் பெயர் மெசலசின். அழற்சி மலக்குடலோடு நிற்கிறவர்களுக்கு, ஆசனவாய் வழியே வைக்கும் மெசலசின் மாத்திரைதான் வழக்கமாக முதல் சிகிச்சை. அந்த இடத்துக்கு விழுங்கும் மாத்திரையைவிட அதுவே நன்றாகக் கேட்கிறது. தொற்றால் வந்த அழற்சி என்றால் கதை வேறு, அதற்குப் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் வேண்டும். புற்றுநோய்க் கதிர்வீச்சால் வந்தது என்றால் வழி இன்னும் வேறு. எது என்று குழாய் விட்டுப் பார்த்து, சோதித்துத்தான் சொல்ல முடியும்.

"அங்கேயா வைக்கணும்?" என்று முகம் சுளிக்கத் தோன்றும். முப்பத்தைந்து வருஷக் கேள்விக்கு விடை கிடைத்ததும் அந்த வழியில்தான். அதற்கு முதலில் சில நோயாளிகள் கூச்சத்தை விட்டு, எனக்கு ரத்தம் போகிறது என்று வாய்திறந்து சொல்லியிருந்தார்கள்.