தும்பா கண்ட இரண்டு தலைவர்கள்

1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய நாட்களில், பழைய தேவாலயமும் ஆயர் இல்லமும்தான் விஞ்ஞானிகளுக்குப் பணியிடம். ராக்கெட் பாகம் சைக்கிள் கேரியரில் போனது. இந்திய விண்வெளித் திட்டத்தின் தலைவர் விக்ரம் சாராபாய் இளைஞர்களாகப் பொறுக்கி எடுத்தார், சிலரை நாசாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார், வந்ததும் வயதுக்கு மீறிய வேலையை ஒப்படைத்தார். எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் நான்காவது அடுக்கு அப்துல் கலாமிடம் வந்தது அப்படித்தான். யார் பெரியவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லோருக்கும் மேலே சாராபாய் இருந்தார்.

புதுக் குழுவுக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமையாது. சிக்கலும் அதிலேயே இருந்தது: எல்லாம் ஒரே மனிதரைச் சார்ந்திருந்தது. 1966 முதல் அணுசக்தி ஆணையத்தையும் சுமந்த அவர், 1971 டிசம்பர் 30-இல் கோவளத்தில் காலமானார். வயது 52.

1972-இல் விண்வெளித் திட்டத்தின் பொறுப்பேற்ற சதீஷ் தவன் வேறு வார்ப்பு. சாராபாய் ஆட்களை நம்பினார் என்றால், தவன் அந்த நம்பிக்கைக்கு ஒரு அமைப்பைக் கட்டினார். தும்பா மையத்துக்கு பிரம்ம பிரகாஷ் இயக்குநர், எஸ்.எல்.வி-3 முழுமைக்கும் கலாம் பொறுப்பு என்று வரையறுத்தார். முதல் ஐந்தாறு ஆண்டுகளில் இதைச் செய்திருந்தால் குழு மூச்சுத் திணறியிருக்கும் என்பது என் எண்ணம்.

1979 ஆகஸ்ட் 10, எஸ்.எல்.வி-3 ஏவும் நாள். ஏவுவதை நிறுத்திவைக்கச் சொன்னது கணினி. நிபுணர்கள் தைரியம் சொல்ல, கலாம் அதை மீறி ஏவச் சொன்னார். இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலக் கசிவு; ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. முடிவு கலாமுடையது, ஆனால் நிருபர்கள் முன் போய் உட்கார்ந்து தோல்வியை ஏற்றவர் தவன். 1980 ஜூலை 18-இல் 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்ததும், நிருபர்களிடம் பேசக் கலாமை அனுப்பினார்.

இதைத் தவனின் பெருந்தன்மை என்றே மேடைதோறும் சொல்கிறோம். பெருந்தன்மைதான், ஆனால் அந்தப் பதினோரு மாதமும் கலாமை மாற்றாமல் அதே பொறுப்பில் வைத்திருந்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது. தவறிய குழுவையே திருத்த விடும் அந்தத் துணிச்சல், சாராபாயிடமிருந்து வந்த சொத்து.

ராக்கெட்டை உருவாக்கும் தும்பா மையம் இன்று சாராபாய் பெயரில் இருக்கிறது. அதை ஏவும் ஸ்ரீஹரிகோட்டா, தவன் பெயரில்.