ட்வைலைட் இம்பீரியம்: நண்பர் கொடுத்த வாக்கு செல்லுமா?

"இந்தச் சுற்றுல என்னை அடிக்காதே, அடுத்த சுற்றுல உனக்கு 2 சரக்கு தர்றேன்டா!"

நண்பர் இப்படிச் சொன்னால் நம்பலாமா? 'ட்வைலைட் இம்பீரியம்' ஆட உட்காருமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

விண்வெளிப் பேரரசுகள் மோதும் பலகை விளையாட்டு இது. முதல் பதிப்பு 1997இல் வந்தது. 2017இல் வந்தது 4ஆம் பதிப்பு. அதை 3 முதல் 6 பேர் ஆடலாம். முதலில் 10 புள்ளி எடுப்பவர் வெல்வார். ஓர் ஆட்டம் 4 முதல் 8 மணி நேரம் வரை போகும். (சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைங்க.)

மேசை நிறையக் கப்பல்கள் இருந்தாலும் பாதி ஆட்டம் பேச்சில்தான்.

அந்த இடத்திலேயே நிறைவேற்றக்கூடிய பேரம் என்றால் விதிப்படி அதிலிருந்து பின்வாங்க முடியாது. "அடுத்த சுற்றுல" என்ற பேச்சு வெறும் பேச்சு. மீறலாம், தப்பில்லை. முதன்முறை ஆடுவோர் கோபித்துக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். அதனால் ஆட்டம் தொடங்குமுன்னே இந்த விதியை எல்லாருக்கும் சொல்லிடுங்க.

கொஞ்சம் பாதுகாப்பு வேண்டுமா? ஒவ்வொருவரிடமும் வாக்குறுதி அட்டைகள் இருக்கும். அவற்றில் 'அரியணைக்கு ஆதரவு' அட்டையை நண்பருக்குக் கொடுத்தால் அவருக்கு 1 புள்ளி. பிறகு உங்கள் படை இருக்கும் பகுதியை அவர் குறிவைத்தால், அட்டை உங்களிடம் திரும்பிவிடும். அவருடைய புள்ளியும் போய்விடும்.

கடைசிச் சுற்றில் மட்டும் உஷார். 1 புள்ளியை விட்டு 2 புள்ளி எடுக்கலாம்னு தெரிஞ்சா, அவர் யோசிக்கவே மாட்டார்.