வில்சனுக்குச் சென்ற சென்னைக் கடிதம்: அமெரிக்க அயலுறவுக் கொள்கையும் தன்னாட்சி இயக்கமும் (1917–1919)

ஆய்வுச்சுருக்கம்

சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனுக்கு 1917 ஜூன் 24 அன்று எழுதிய கடிதத்தை, அக்கால அமெரிக்க அயலுறவுக் கொள்கையின் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது. அக்கடிதம் வாஷிங்டனின் நிலைப்பாட்டை மாற்றவில்லை; ஆயினும் இந்திய அரசியலில் அதற்கு விளைவு இருந்தது என்பது இதன் கருதுகோள்.

குறிச்சொற்கள்: சுப்பிரமணிய ஐயர், உட்ரோ வில்சன், தன்னாட்சி இயக்கம், அன்னி பெசன்ட், முதல் உலகப் போர்.

முன்னுரை

குடியேற்ற நாடுகளில் வில்சனின் கருத்துகள் பெற்ற வரவேற்பை ஆராய்ந்த ஏரெஸ் மனேலா, 1918 இலையுதிர்காலம் முதல் 1919 இளவேனில் வரையிலான காலத்தை ‘வில்சன் தருணம்’ எனக் குறித்தார். சென்னைக் கடிதம் அதற்கு ஓராண்டுக்கு மேல் முற்பட்டது; பதினான்கு அம்சத் திட்டமும் (1918 ஜனவரி 8) அப்போது வெளிவரவில்லை. எனவே அக்கடிதம் எச்சூழலில், எந்நம்பிக்கையில் எழுதப்பட்டது என்பது ஆராயத்தக்கது.

கடிதத்தின் சூழலும் கோரிக்கையும்

உலகை மக்களாட்சிக்குப் பாதுகாப்பானதாக ஆக்குவதே நோக்கம் என்று அறிவித்து, 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. அதே ஜூனில் பென்ட்லண்டு பிரபுவின் சென்னை அரசு அன்னி பெசன்ட், ஜி. எஸ். அருண்டேல், பி. பி. வாடியா ஆகியோரைக் காவலில் வைத்தது. தன்னாட்சிக் கழகத்தின் கௌரவத் தலைவராக இருந்த ஐயர், சென்னை உயர் நீதிமன்றத்தில் தற்காலிகத் தலைமை நீதிபதியாகப் பணியாற்றிய முதல் இந்தியர். அவர் எழுதிய கடிதத்தை அமெரிக்கப் பிரம்மஞான சங்கத்தினரான ஹாட்ச்னர் தம்பதியர் நேரில் எடுத்துச் சென்றனர். இதனால் அது போர்க்காலத் தணிக்கைக்கு உட்படவில்லை.

தன்னாட்சி உடனே உறுதியளிக்கப்பட்டால் மூன்று மாதங்களில் 50 லட்சம் வீரர்களை இந்தியா அளிக்கும் என்றார் ஐயர். இங்கிலாந்தைத் தம் விடுதலைக் கொள்கைக்கு இணங்கச் செய்யுமாறும் வில்சனை வேண்டினார். பேரரசின் கலைப்பை அவர் கோரவில்லை. நேசநாட்டின் நல்லுரைக்கு இங்கிலாந்து செவிசாய்க்கும் என்பதே அவரது கணிப்பு.

அமெரிக்கக் கொள்கையின் எல்லைகள்

இக்கணிப்புக்கு மாறான சான்றுகள் அப்போதே இருந்தன. 1917 பிப்ரவரியில் நிறைவேறிய குடிவரவுச் சட்டம், இந்தியாவை உள்ளடக்கிய ‘ஆசியத் தடைப் பகுதி’யை உருவாக்கியது. அச்சட்டம் வில்சனின் மறுப்பாணையை மீறி நிறைவேறியது உண்மையே. ஆனால் அவர் முதன்மையாக எதிர்த்தது எழுத்தறிவுத் தேர்வு விதியையே. 1917 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் கதர் இயக்கத்தினர் மீதான சதி வழக்கு விசாரணை தொடங்கியது. போர்க்கூட்டணியைக் காப்பதும் இன அடிப்படையிலான விலக்கும் வாஷிங்டனின் நடைமுறையைத் தீர்மானித்தன.

பதினான்கு அம்சங்களுள் ஐந்தாவது, குடியேற்ற நாட்டு மக்களின் நலனுக்கும் ஆளும் அரசின் உரிமைக்கோரிக்கைக்கும் சம எடை அளித்தது. 1918 டிசம்பரில் தில்லியில் கூடிய காங்கிரஸ், தன்னுரிமைக் கோட்பாட்டை இந்தியாவுக்கும் பொருத்தக் கோரியது. 1919 ஜனவரியில் திலகரும் வில்சனுக்கு எழுதினார். ஆனால் அவ்வாண்டு ஏப்ரலில் எகிப்தின் மீதான பிரித்தானியக் காப்பாட்சியை அமெரிக்கா ஏற்றமை, அக்கோட்பாட்டின் எல்லையைத் தெளிவாக்கியது.

கடிதத்தின் விளைவுகள்

1917 டிசம்பரில் சென்னை வந்த இந்தியச் செயலர் மாண்டேகுவும் வைசிராய் செம்ஸ்போர்டும் ஐயரை நேரில் கடிந்துகொண்டனர். 1918இல் இங்கிலாந்தில் கடிதம் விவாதப்பொருளானபோது, காமன்ஸ் அவையில் மாண்டேகு அதனை வன்மையாகக் கண்டித்தார். அதனையடுத்து ஐயர் கே.சி.ஐ.இ., திவான் பகதூர் பட்டங்களைத் துறந்தார். தாகூர் தம் பட்டத்தைத் துறந்தது 1919 மேயில். ஒத்துழையாமை இயக்கத்தின் பட்டத் துறப்பு 1920இல். அரசின் உயர் மதிப்புகளைப் பெற்ற முதியவர் ஒருவர், வேண்டுகோளிலிருந்து துறப்புக்கு நகர்ந்த முன்நிகழ்வாக இதனைக் கொள்ளலாம்.

1917 ஆகஸ்ட் 20 அன்று வெளியான மாண்டேகு அறிவிப்பையும் செப்டம்பரில் பெசன்ட் விடுதலையானதையும் இக்கடிதத்தின் நேர்விளைவாகக் கருதுவது பொருந்தாது. நாடெங்கும் எழுந்த கண்டனமும் போர்க்கால நெருக்கடியும் அவற்றுக்குக் காரணங்களாயின.

முடிவுரை

வில்சனின் சொற்களை எல்லா மக்களுக்கும் உரியனவாகச் சென்னை வாசித்தது. அவரது அரசு அவற்றை அவ்வாறு கொள்ளவில்லை. இவ்விடைவெளியை 1919ஆம் ஆண்டின் ஏமாற்றமாக மட்டும் காண்பது போதாது. 1917லேயே அது தொடங்கிவிட்டது. அக்கடிதம் அமெரிக்க உதவியைப் பெற்றுத் தரவில்லை. எனினும் இந்தியாவின் ஆட்சியுரிமையைப் பேரரசின் உள்விவகாரம் என்ற வரம்பிலிருந்து வெளிக்கொணர்ந்தது. இலண்டன் காட்டிய சினமே அதற்குச் சான்று. ‘வில்சன் தருண’த்தின் காலவரையறையை மறுஆய்வு செய்யும்போது சென்னைக்கு உரிய இடம் அளிக்கப்பட வேண்டும்.