அண்ணா என்றொரு கேடயம்

மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலைப் பக்கம் நடந்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து கடலைப் பார்ப்பது என் பழைய பழக்கம். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "எந்த ஊரும்மா? தனியாவா வந்தீங்க?"

"இல்லண்ணா, வீட்டுக்காரர் வந்துக்கிட்டிருக்காரு."

ஒரே வாக்கியத்தில் இரண்டு பொய். அவர் எனக்கு அண்ணன் இல்லை, வந்துகொண்டிருப்பவரும் யாருமில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், எந்த ஊர் என்ற கேள்வியையும் சிரித்தபடி விழுங்கிக்கொண்டேன்.

இது அம்மா கற்றுக்கொடுத்த பாடம். முகத்தை முறிக்காதே, அண்ணான்னு கூப்பிடு, எழுந்து வந்துடு. பாட்டிக்கு இதுகூடத் தேவைப்படவில்லை. துணையில்லாமல் அவர் தெருவில் இறங்கியதே இல்லை. அம்மா வேலைக்குப் போனதால், பேருந்து நிறுத்தத்தில் தனியாக நிற்க வேண்டியிருந்ததால், அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அண்ணன் என்று சொல்லிவிட்டால் அவன் தங்கையிடம் தப்பாக நடக்கக் கூசுவான் என்பது கணக்கு. எத்தனை பேர் கூசினார்கள் என்று அம்மா சொன்னதில்லை.

1998 ஜூலையில் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்த ஆண்களின் 'விளையாட்டில்' கீழே விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். அப்போது நான் பள்ளி மாணவி. அம்மாவின் பாடம் அந்த மாதம் இன்னும் கண்டிப்பானது. நம் பணிவை நற்குணம் என்பார்கள். அதில் பாதி பயம். அந்தச் சாவுக்குப் பிறகு தமிழ்நாடு ஈவ் டீசிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கோட்டக்குப்பம் எல்லையோடு அது நின்றுவிடும். இங்கே நமக்கு இருந்தது இந்திய தண்டனைச் சட்டம். பிரெஞ்சு ஆட்சி போன பிறகு, 1963 அக்டோபர் 1 முதல்தான் அதுவும் புதுச்சேரிக்கு வந்தது. 1860இல் எழுதப்பட்ட அதன் 509ஆம் பிரிவு, பெண்ணின் மானத்தைச் சொல்லாலோ ஒலியாலோ சைகையாலோ இழிவுபடுத்துவதைக் குற்றமென்றது. "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்பவர் எதை இழிவுபடுத்துகிறார்?

பிரான்சில் 2018இல் தெருச் சீண்டலுக்கு அபராதம் விதிக்கும் சட்டம் வந்தது. பேச்சில் பாலியல் சாயலோ பாலினச் சாயலோ இருந்தால்தான் அங்கும் அபராதம். சாப்பாட்டு விசாரிப்பு பாரிஸிலும் தப்பித்துவிடும்.

நமக்குக் கொஞ்சம் பொருந்தி வந்தது 2013 திருத்தம். டெல்லிக் கொடுமைக்குப் பிறகு வர்மா குழு அறிக்கை தந்தது. அதே ஆண்டில் 354டி பிரிவு சேர்க்கப்பட்டது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. பெண் தனக்கு ஆர்வமில்லை என்று தெளிவாகத் தெரிவித்த பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பழக முயன்றால் குற்றம்.

தெளிவாக. நான் இடறியது இந்தச் சொல்லில்தான்.

கடற்கரை 'அண்ணன்' அடுத்த நாளும் வந்தார். மூன்றாம் நாள் என் தெருமுனைவரை வந்தார். காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்: "வேணாம்னு சொன்னீங்களாம்மா?"

"அண்ணான்னு சொன்னேன் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நாங்கள் மறுக்காமல் இல்லை. அண்ணா என்பதும், இல்லாத வீட்டுக்காரரும், வராத பேருந்தும் எங்கள் மொழியில் மறுப்புதான். கேட்கும் எந்தப் பெண்ணுக்கும் அது புரியும். அதைச் சட்டத்தின் மொழிக்கு மாற்றத்தான் நான் பழகவில்லை.

நான்காம் நாள் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, சுற்றிலும் கேட்கும்படி சொன்னேன்: "உங்ககிட்ட பேச எனக்கு விருப்பமில்லை. பின்னாடி வராதீங்க."

"என்னம்மா, மரியாதையாத்தானே கேட்டேன்?" என்றார். சுண்டல் விற்கிற அம்மாவும், நடைப்பயிற்சிக்கு வந்த இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னைத்தான் பார்த்தார்கள்.